நாள் தவறாத டீச்சர்

ஜூன் 12, புதன்

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். இடது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் முன்பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு. விடைத்தாளில் பேனா தவறிக் கீறினால் விழுமே, அவ்வளவுதான் இருக்கும்.

“ஓடி ஓடி எலும்புல விரிசல் விட்டிருக்குதுங்க டீச்சர். இது கொஞ்சம் வம்பு புடிச்ச எடம். இதோட ஓடுனீங்கன்னா முழுசா உடையும். அப்பறம் உள்ள கம்பி வெச்சுத்தான் ஆகோணும். கம்பி வெச்ச பொறவு நடப்பீங்க. ஓடுவீங்களான்னு நான் உறுதி சொல்ல மாட்டன்.”

ஆறு வாரம் காலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பூட்ஸ். இயன்முறை மருத்துவர் ஜெசிந்தாவுக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். அவள் ஒரு வேலை கொடுத்தாள். “தினமும் வலிக்கு ஒரு நம்பர் எழுதுங்க மேம். ஒண்ணும் இல்லைன்னா பூஜ்யம், தாங்க முடியலைன்னா பத்து. வாராவாரம் நான் பார்ப்பேன்.” அதற்குத்தான் இந்த நோட்டு. வெறும் எண்ணை எழுதி வைக்க எனக்கு வராது. பத்தொன்பது வருடமாக, வழிமுறை எழுதாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று பெண்பிள்ளைகளை மிரட்டுகிறவள் நான்.

வலி: 5.

ஜூன் 13, வியாழன்

இந்தப் பக்கத்தையும் இனி இதுபோல எழுதப்போகிறதையும், ஜெசிந்தாவிடம் காட்டும்போது எண் மட்டும் தெரியும்படி கிளிப் போட்டு மறைத்துவிட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன், ஊரடங்கில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். அன்று முதல் நேற்றுக் காலை வரை ஆயிரத்துத் தொண்ணூற்றாறு நாள். ஒரு நாள் விட்டதில்லை. ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு கிலோமீட்டர். காய்ச்சலோடு ஓடியிருக்கிறேன். நாத்தனார் மகள் கல்யாணத்தன்று பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு மண்டபத்துக் கார் நிறுத்தும் இடத்தில் ஓடியிருக்கிறேன். எங்கள் குளக்கரை ஓட்டக் குழுவில் அறுபது பேர். அவர்களுக்கு நான் ‘நாள் தவறாத டீச்சர்’. என் கைக்கடிகாரம் ஓட்டத்தை அளந்து செல்போன் செயலியில் ஏற்றிவிடும். பல் தேய்க்கும் முன்பே எல்லாரும் அதைப் பார்த்துவிடுவார்கள்.

இன்று 1097. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடிகாரத்தைக் கழற்றி இவரிடம் நீட்டினேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் குழந்தைவேலு. ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், மோட்டாரும் பழுது பார்ப்பார். ஐம்பத்திரண்டு வயது. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டார், அடுத்தது வருமே என்பார்.

“என்ற வயித்தப் பாத்துட்டுத்தான் சொல்றயா அம்மிணி?”

“ரெண்டே கிலோமீட்டருங்க. சித்தெ வெரசா நடந்தாப் போதும். யாரு கையில இருக்கறன்னு கடியாரத்துக்குத் தெரியவா போகுது?”

“கடியாரத்துக்குத் தெரியாது. உன்ற கூட்டத்துக்கு?”

“கால் சுளுக்கு, மெதுவா ஓடறன்னு சொல்லிக்கறன். போங்க, இருட்டறதுக்குள்ள வந்துருங்க.”

லுங்கியும் ரப்பர் செருப்புமாகப் போய் முப்பத்தொரு நிமிடத்தில் வந்தார். குழுவில் நாற்பத்திரண்டு பேர் கைதட்டினார்கள்.

இது ஏமாற்று இல்லை. அறுந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது, அவ்வளவுதான்.

வலி: 5.

ஜூன் 19, புதன்

என் வகுப்பை மூன்றாம் மாடியிலிருந்து கீழே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒற்றைக்காலில் நின்று அவரைக்காய் நறுக்கக் கற்றுக்கொண்டேன். இவர் இரண்டு கிலோமீட்டரை இருபத்தாறு நிமிடத்தில் முடிக்கிறார். விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் ஓடிப் பார்த்தாராம். என் பழைய ஷூ இவருக்குச் சேரவில்லை, போய்ப் புதிதாக வாங்கி வந்திருக்கிறார். நான் கேட்கவே இல்லை.

வலி: 4.

ஜூன் 26, புதன்

இன்று செயலியில் வந்த வரைபடத்தில் ஒரு பெரிய கொக்கி. மைதானத்தைத் தாண்டி, ஒரு சந்துக்குள் நுழைந்து, யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லை வரை போய்த் திரும்பியிருக்கிறது.

“மயிலு அம்மிணி. தோகையோட போச்சு. எங்க போகுதுன்னு பாக்கலாம்னு பின்னாடியே ஓடுனன்.”

“உங்கள மயில் புடிக்கவா அனுப்புனன்?”

“அது என்னைய விட வெரசா ஓடுது அம்மிணி!”

வேர்த்து ஊற்றச் சிரிக்கிறார். குழு நடத்தும் ரங்கநாதன் அதற்குள் கேட்டுவிட்டார், ‘டீச்சர், அந்தச் சந்தில் என்ன?’ என்று. மாணவி வீடு என்று பதில் போட்டேன். நாற்பத்தேழு வயதில், காலை ஆறரை மணிக்கு, பொய் சொல்ல மாணவியின் வீடு ஒன்றைக் கட்ட வேண்டியிருக்கிறது.

வலி: 3.

ஜூலை 7, ஞாயிறு

அலாரத்துக்கு முன்பே எழுந்து போய்விட்டார். நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசல் பெருக்கினேன். மூன்று கிலோமீட்டர், இருபத்தேழு நிமிடம். இரண்டு போதும் என்று எத்தனை முறை சொல்வது? வந்ததும் எதிர்வீட்டு நாயைப் பற்றி, கம்மங்கூழ் விற்கிறவரைப் பற்றி, வானம் இருந்த நிறத்தைப் பற்றி ஓயாமல் பேசினார். சட்னி கருகிவிட்டது என்று கத்தினேன். சட்னி கருகவில்லை.

வலி: 2.

ஜூலை 15, திங்கள்

எனக்குப் பொறாமை ஒன்றுமில்லை. வலி: 2.

ஜூலை 24, புதன்

பூட்ஸ் கழன்றது. கால் சூம்பிப்போய் வேறு யாருடையதோ போல இருக்கிறது. நடக்கலாம், ஓடக் கூடாது. “ஆறு வாரமா சரியா இருந்தீங்க மேம். இன்னும் ஆறு வாரம் இப்படியே இருந்துட்டீங்கன்னா ஒரு நிமிஷம் ஓட விடுவேன்” என்றாள் ஜெசிந்தா. ஒரு நிமிடமா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வலி: 1.

ஜூலை 30, செவ்வாய்

டிசம்பரில் எங்கள் குழு நடத்தும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சுவரொட்டி வந்துவிட்டது. என் படம், என் பெயர். குறித்த நேரத்தில் கொடி பிடித்து முன்னால் ஓடி மற்றவர்களைக் கூட்டிச் செல்கிறவர்களில் நானும் ஒருத்தி. ரங்கநாதன் கேட்கவே இல்லை. ‘காலில் அடிபட்டும் ஒரு நாள் விடாதவர்’ என்று கீழே போட்டிருக்கிறார்.

மறுக்கலாம் என்று மூன்று முறை தட்டச்சு செய்து மூன்று முறையும் அழித்தேன். கடைசியில் நன்றி என்று போட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் ஓடிவிட்டு இவர் ஐதராபாத் கிளம்பிவிட்டார். மோட்டார் கண்காட்சி, ஞாயிறு வரை. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் புறப்பட்டார், வாசலில் நான்தான் கழற்றி வாங்கினேன். அங்கே ஓடினால் செயலியில் ஐதராபாத் என்று காட்டும். இங்கே நான் பத்தாம் வகுப்புக்குத் தேர்வு நடத்திக்கொண்டிருப்பேன்.

“அப்ப நாளைக்கு யாரு ஓடறது?” என்று கேட்டார்.

“யாரும் இல்லீங்க. விட்டுடலாம்” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்தார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

1147. வலி: 0.

ஆகஸ்ட் 3, சனி

1148. வலி: 0. ஆடிப்பெருக்கு. ஒருத்திக்காகச் சமைப்பானேன் என்று தயிர்சோற்றோடு முடித்துக்கொண்டேன். உட்கார்ந்தே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மேலே இரண்டு நாளும் எழுதிய எண் பொய். வெள்ளி 4. சனி 8.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு மைதானத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓடினேன். பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன், கடிகாரம் சத்தம் கொடுத்தது, நின்றேன். நேற்று ஒன்றே முக்கால் கிலோமீட்டரில் காலுக்குள் ஏதோ சுருக்கென்றது. நின்றிருக்கலாம். இன்னும் கால் கிலோமீட்டர்தானே என்று இழுத்துக்கொண்டு முடித்தேன். ஆட்டோவில் வீடு வந்தேன். பிறகுதான் புரிந்தது, என்னிடம் இருப்பது மன உறுதி என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று.

இவர் சாயங்காலம் வந்தார். நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டார். கீழே உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயே இருக்க மாட்டன் சாந்தாமணி.”

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் முழுப் பெயர் சொல்லி அழைத்தது மூன்று முறை இருக்கும். அழுதேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கோடு நீண்டிருக்கிறது. முழுசாக உடையவில்லை, மயிரிழையில் தப்பினேன். ஊன்றுகோல், மறுபடி பூட்ஸ், முதலிலிருந்து. இன்னொரு முறை என்றால் கம்பிதான், அதன் பிறகு ஓட்டத்தை மறந்துவிட வேண்டும் என்று மருத்துவர் முடிவாகச் சொன்னார்.

ஜெசிந்தா நோட்டை வாங்கிக் கிளிப்பை எடுத்துவிட்டு எல்லாப் பக்கத்தையும் படித்தாள். மயில் பக்கத்தில்கூட முகம் மாறவில்லை. “நீங்க என்கிட்ட பொய் எழுதினா நான் தப்பா வைத்தியம் பார்ப்பேன் மேம். உங்க ஸ்டூடன்ட் இப்படிப் பண்ணினா என்ன பண்ணுவீங்க?”

வெளியே நிற்க வைப்பேன் என்றேன்.

“செப்டம்பர் பாதி வரைக்கும் வெளியவே நில்லுங்க” என்றாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். ஜூன் 13 முதல் ஓடியது நானில்லை, என் வீட்டுக்காரர். அந்தச் சந்தில் மாணவி வீடு எதுவும் இல்லை, அது ஒரு மயிலுக்குப் பின்னால் போன வழி. கடைசி இரண்டு நாள் நான் ஓடினேன், காலைக் கெடுத்துக்கொண்டேன். என் தொடர் உண்மையில் 1096-இல் முடிந்துவிட்டது. சுவரொட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். அனுப்பிவிட்டு போனைக் குப்புறப் போட்டு, பருப்பை வேக வைக்கப் போனேன்.

ஒன்பது பேர் கோபமாக எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியது சரிதான். ரங்கநாதன் போனே செய்துவிட்டார்.

“எனக்கு வருத்தந்தானுங்க டீச்சர். உங்களச் சொல்லிச் சொல்லித்தான் நெறையப் பேத்த நான் ஓட வெச்சன். செரி, அந்த மயிலுக்குப் பின்னாடி போனது சாருதானுங்களா?”

“அவரேதானுங்க.”

“நல்லாச் சிரிச்சுட்டு ஓடற ஆளாட்ட இருக்குது. அவரக் கூட்டத்துக்கு அனுப்பி வையுங்க.”

என்னை வரச் சொல்லவில்லை. இப்போது என்னால் போக முடியாது என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இவர் கடிகாரம் இல்லாமலே ஓடுகிறார். எத்தனை தூரம் என்று கேட்டால் “கூழ்க்காரர் வரைக்கும்” என்கிறார்.

செயலியில் என் பழைய ஓட்டங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். வேகம், தூரம், இதயத் துடிப்பு எல்லாம் இருக்கிறது. போன வருடம் ஓடிய முந்நூற்று அறுபத்தைந்தில் ஒன்றாவது ஞாபகம் வருகிறதா என்று யோசித்தேன். வரவில்லை. எனக்கு ஓடப் பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாக எப்போது பிடித்திருந்தது என்று தெரியவில்லை. எலும்பு விரிசலை விட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வலி: 4. உண்மையான எண்.

செப்டம்பர் 16, திங்கள்

பூட்ஸ் இரண்டாவது முறையாகக் கழன்றது. பாத்திரம் துலக்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி, இருபது, மூன்று தடவை. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டும் செய்தேன். பின்பெஞ்சில் சிரித்தார்கள். எல்லாரையும் எழுந்து என்னோடு செய்யச் சொன்னேன்.

வலி: 1.

அக்டோபர் 20, ஞாயிறு

நாற்பது நிமிட நடை, பூஜ்யம். தொட்டு அழுத்தினாலும் பூஜ்யம். மூன்று முறை அழுத்திப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

நவம்பர் 4, திங்கள்

ஒரு நிமிடம்!

மருத்துவமனை வளாகத்தில் ஜெசிந்தா பக்கத்தில் நின்றாள். ஒரு நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை, நான்கு தடவை. எனக்குக் கடிகாரம் கூடாது, அவள்தான் நேரம் பார்த்தாள். ஓடினேன். உடம்பெல்லாம் காதாகி அந்த ஒற்றை எலும்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. வலி இல்லை. சந்தோஷமும் இல்லை.

“எப்படி இருந்துச்சு மேம்?”

“பூஜ்யம்” என்றேன். வலியைத்தான் சொல்கிறேன் என்று அவள் எழுதிக்கொண்டாள்.

நவம்பர் 12, செவ்வாய்

ஒன்றரை நிமிடம். மூன்று முறை. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். செய்ய வேண்டியதைச் செய்கிறேன். சந்தோஷம் வரவில்லை என்பதற்காக விடுகிற ஆள் நான் இல்லை. மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 21, வியாழன்

இன்று இவரும் கூட வந்தார். இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. நேரம் சொல்வது இவர் வேலை. இவருடைய வாய் சும்மா இருக்காது. ஓடும்போது பேசாதீர்கள் என்றேன். அதையும் கேட்கவில்லை.

“நேத்து பட்டறைக்கு ஒரு அம்மா வந்தாங்க. கிரைண்டர் சுத்தலைன்னு ஆட்டோவுல தூக்கீட்டு வந்துட்டாங்க. மூடியத் தொறந்தா உள்ள முழுசா மாவு.”

“மாவோடவா?”

“மாவோட! பாதி அரைஞ்ச மாவு. என்ற பையனுக்கு நாளைக்கு இட்லி சுடோணும், சித்தெ அரைச்சே குடுத்துருங்கன்னாங்க.”

“அரைச்சீங்களா?”

“பின்ன? லேத்துக்கும் கிரைண்டருக்கும் நடுவுல நின்னு தண்ணி ஊத்தி, கை விட்டுத் தள்ளி… உப்புப் போடட்டுங்களான்னு வேற கேட்டன்!”

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பில் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியபோதுதான் தெரிந்தது, கால் இரண்டும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. வேப்பமரத்தடி மண் ஈரமாக இருந்தது. காற்று முகத்தில் பட்டது. வேகம் என்ன, தூரம் என்ன, எனக்கு ஒன்றும் தெரியாது. இவர் “ரெண்டு நிமிசம் ஆச்சு” என்றபோது அதற்குள்ளா என்று கேட்டேன்.

அதற்குள்ளா என்று ஓட்டத்தில் நான் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ. வீட்டுக்கு வந்தும் சந்தோஷமாகவே இருந்தேன். இவருக்குப் பிடித்த பருப்பு வடை சுட்டேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை.

வலி: 0.

டிசம்பர் 8, ஞாயிறு

தொடர்ந்து ஐந்து நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஜெசிந்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “அஞ்சுன்னா அஞ்சு. நல்லா இருக்கும்போதுதான் மேம் எல்லாரும் காலைக் கெடுத்துக்கிறாங்க. படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் ஆறு.” இவர் அடுத்த வாரம் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறார். எனக்கு ஒன்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டித் தண்ணீர் கொடுக்கும் வேலை. ரங்கநாதனே கூப்பிட்டுக் கேட்டார்.

டிசம்பர் 15, ஞாயிறு

வலி: 0. முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கே மேசை போட்டுத் தம்ளர் அடுக்கினேன். கோபமாக எழுதிய ஒன்பது பேரில் நான்கு பேர் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். ஒருவர் “கால் எப்படீங்க டீச்சர்?” என்றார்.

இவர் வந்தபோது மணி ஏழு தாண்டியிருந்தது. முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. தண்ணீரைக் குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டு, “வா அம்மிணி, உன்ற அஞ்சு நிமிசத்த இங்க ஓடிக்க” என்றார். இன்று என் ஓட்ட நாள்தான், காலையில் வேண்டுமென்றேதான் ஓடாமல் வைத்திருந்தேன். தம்ளரைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

இவருக்கு மூச்சு வாங்கியது, பேசவில்லை. நான் பேசினேன். என் மேசையடியில் யார் படுத்துவிட்டார்கள், யார் வாழைப்பழத்தைத் தோலோடு கடித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி தூக்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெயில் இதமாக இருந்தது. இப்படியே ஊருக்கு வெளியே ஓடிப் போய்விடலாம் போல இருந்தது. வளைவில் திரும்பியதும் முடிவுக்கோட்டுத் தோரணம் தெரிந்தது. நூற்றைம்பது மீட்டர்கூட இருக்காது. மேளச் சத்தம்.

“அஞ்சு நிமிசம் ஆச்சுங்களா?”

இவர் இன்று கட்டியிருந்த என் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் ஒரு நிமிசம் இருக்குது. வா, வா.”

தண்ணீர் மேசையிலிருந்து அந்த வளைவு வரை எழுநூறு மீட்டர். நாங்கள் ஓடிய வேகத்துக்கு ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. தூரம், வேகம், காலம் கணக்கைப் பத்தொன்பது வருடமாக நடத்துகிறவளிடம் இந்தப் பொய் செல்லுமா? எனக்காகத்தான் சொன்னார். ஜூன் மாதத்திலிருந்து எனக்காகத்தான் இவர் பொய்யெல்லாம்.

நின்றேன்.

“ஏன் அம்மிணி? அதா தெரியுது பாரு, எட்டற தூரம்!”

“நீங்க போங்க. நெசமாத்தான் சொல்றன், போங்க!”

திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். தோரணத்துக்கு அடியில் நுழைந்து இரண்டு கையையும் தூக்கினார். நான் சாலையோரம் நின்று, இடுப்பில் கை வைத்து, தேம்பித் தேம்பி அழுதேன். தொடங்கிய ஓட்டத்தை முடிக்காமல் நான் நின்றது இதுதான் முதல் முறை.

பின்னால் வந்த ஒரு பெண் வேகத்தைக் குறைத்தாள். முன்பின் தெரியாதவள். “அக்கா, கால் வலிக்குதுங்களா? ஆளக் கூப்படட்டுங்களா?”

“வலி இல்லீங்க கண்ணு. ஓடோணும்னு ஆசையா இருக்குது.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஓடிப் போனாள்.